குங்குமம் வைத்த தட்டு

கனல் புகைந்த மண்ணுக்குள் உயிர் இருக்கும் என்றால் நம்புவீர்களா? நெய்வேலிச் சுரங்கத்தில் சில இடங்களில் நிலக்கரி தானாகவே கனன்று புகையும். அப்படிக் கனன்று அடங்கிய ஓரிடத்தில், கை வைக்க முடியாத சூட்டில் கிடந்த மண்ணை அனுமதி வாங்கி அள்ளிவந்தவர் இசைப்பிரியா.

சுரங்கத்தை ஒட்டிய வளையமாதேவிக்காரர். குடும்பத்து நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. அப்பா அங்கேயே கான்ட்ராக்ட் தொழிலாளி. பர்மனென்ட் என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். மகள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியா வளர்க்கிறார். மருந்துக்கு அடங்காத புண் கிருமிகள் பெருகிவிட்ட காலம் இது. எதுவும் பிழைக்காத இடத்தில் பிழைக்கிற பாக்டீரியா, வேறெங்கும் கிடைக்காத மருந்துப் பொருளைச் சுரக்கலாம். அவர் தேடுவது அதைத்தான்.

துண்டில் சுற்றிய டப்பாவை மடியில் வைத்து வடலூர் பஸ்ஸில் வந்தபோது அந்த வெதுவெதுப்பில் கண் செருகியது. அப்பா உழுத வயலுக்கு வெகு ஆழத்தில், வெயிலே பாராத சிற்றுயிர்கள் மெல்ல மூச்சுவிடுவதுபோல் இருந்தது.

பிறகு அந்த இடத்தைக் களிமண் கொட்டி மூடிவிட்டார்கள். இருந்த மண்ணையெல்லாம் பாக்டீரியா வளர்க்கும் மூடியிட்ட தட்டுகளில் விதைத்துச் சூட்டுப்பெட்டியில் வைத்தார். அது போனால் எல்லாம் போயிற்று.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்தால், பெட்டி அணைந்து சில்லிட்டிருந்தது. கதவில் சந்தனம், தட்டு மூடிகளில் குங்குமப் பொட்டு. ஆய்வுக்கூட உதவியாளர் லூர்துசாமியின் கைவேலை.

"உங்களுக்கு மாதாதானண்ணே சாமி?"

"எனக்கு மாதாதாம்மா. மிஷினுக்கு ஏது மதம்? வருஷம் பூரா ஓடிக்கினே இருக்குது, கொஞ்சம் தூங்கட்டுமேன்னு அணைச்சேன்."

தட்டுகளை எறியுமுன், சூட்டில் வளர்ந்து பாதியில் நின்றுபோன ஒரு பாக்டீரியாப் புள்ளியை எடுத்து, புண் கிருமி பரப்பிய தட்டில் வைத்துப் பார்த்தார். மறுநாள் புள்ளியைச் சுற்றிக் கிருமியே இல்லை. நிலா கோட்டை கட்டியதுபோல் தெளிந்த வளையம்.

பூஜையின் பலன் என்றார் லூர்துசாமி. இசைப்பிரியா மறுத்துப் பேசவில்லை. அந்தப் புள்ளியிலிருந்து புதிதாக வளர்த்தார்: பொட்டு வைத்துக் குளிரவிட்ட தட்டு, பொட்டில்லாமல் குளிரவிட்டது, பொட்டு வைத்தும் சூட்டிலேயே விட்டது. கிருமித் தட்டில் வைத்தபோது, குளிர்ந்த இரண்டும் கோட்டை கட்டின. சூட்டில் இருந்தது கட்டவில்லை.

"குங்குமம் ஒண்ணும் பண்ணலண்ணே. நீங்க சுவிட்ச அணைச்சீங்களே, அந்தக் குளிர்லதான் மருந்து சுரந்திருக்கு."

"அப்ப மருந்துக்கு எம் பேர வையி."

மருந்தாவதற்கு ஆண்டுகள் பிடிக்கும், ஆகாமலும் போகலாம். நீங்கள் ஒன்று செய்யுங்கள். எதையாவது காட்டி யாரேனும் பூஜையின் பலன் என்றால், சண்டைக்குப் போகாதீர்கள். பொட்டு வைத்தது ஒன்று, வைக்காதது ஒன்று என இரண்டு தட்டு வைத்துக் காட்டுங்கள்.