ரஃபீக் பாயின் மெஷினும் நான் பிடித்த கெண்டையும்

கீழவாசலில் அந்தக் கட்டடத்துக்குக் குழி தோண்டும்போதே தண்ணீர் நிற்கும் என்று சொன்னவன் நான்.

நேற்றைய மழையில் கீழ்த்தளம் நிரம்பி, வாடகைக்குத் தையல் கடை வைத்திருக்கும் ரஃபீக் பாயின் மெஷின்கள் எல்லாம் மூழ்கிவிட்டன.

இன்று காலை கட்டட ஓனர், "மழை பெஞ்சதுக்கு நானா பொறுப்பு பாய்?" என்றார்.

நான் புகுந்தேன். "மழை இல்லைங்க, வாய்க்கால். இதே இடத்துல ஓடுன வாய்க்கால்ல நானே கெண்டை பிடிச்சிருக்கேன்!"

ஓனர் முகம் வெளுத்தது. "எங்கப்பா அதை மண்ணைக் கொட்டித் தூத்தது உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

மெஷின் ரிப்பேர் முழுக்க அவர் செலவு. கடை மாடிக்குப் போகிறது.

உண்மையில் வாய்க்காலும் கெண்டையும் வாயில் வந்ததைச் சொன்னதுதான். வாய்க்கால் இருந்தது ஓனர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

வேறு யார் கடையிலாவது தண்ணீர் நிற்கிறதா? சொல்லுங்கள், வருகிறேன்.