தெய்வானை பிடிச்ச நிரை

சாமான்னா புதுசாத்தான் வாங்கணும்னு சொல்ற கட்சி நான். பெட்டி பிரிக்காம, பிளாஸ்டிக் உறை உரிக்காம கைக்கு வரணும். எங்க கல்யாணத்துக்கு வாங்கின டோர்ச் லைட்டு செத்துப் பதினஞ்சு வருசமாச்சு, அதோட பெட்டி இன்னும் பத்திரமா இருக்கு. எம் பொண்டாட்டி தெய்வானை அதுக்கு நேர் எதிர். எதைக் குடுத்தாலும் பொரட்டிப் பாப்பா, தட்டிப் பாப்பா, மோந்துகூடப் பாப்பா. கடைக்காரன் மூஞ்சி சுண்டிப்போகும். இதுல எங்களுக்குள்ள வருசக்கணக்கா சண்டை. அந்தச் சண்டையில நான் மண்ணைக் கவ்வின கதையத்தான் சொல்லப்போறேன். தோத்ததுக்கு இவ்வளவு சந்தோசப்பட்ட மனுசன் இந்த ஊவா மாகாணத்துல என்னைத் தவிர வேற யாரும் இருக்க மாட்டான்.

தெய்வானை மடுல்சீமையில, தேயிலைத் தோட்டத்து லய வீட்டுல பொறந்தவ. பதினாறு வயசுல பேர் பதிஞ்சு கொழுந்து எடுக்கப் போனா. கை வேகம்னா அப்படி ஒரு வேகம். ஆனா சாயங்காலம் நிறுக்கக் கொண்டுபோனா, தராசு முள்ளு எப்பவும் கொறைச்சுத்தான் காட்டும். எல்லாப் பொம்பளைங்களுக்கும் அதே கதைதான். கேட்டா, "ஈரத்துக்குக் கழிச்சாச்சு, கூடைக்குக் கழிச்சாச்சு"ன்னு கங்காணி வாயடைச்சிருவான். கிலோ கொறைஞ்சா அன்னைக்கு அரை நாள் சம்பளந்தான்.

தொண்ணூத்தி நாலுல ஒரு நாள், இவ கூப்பன் கடையில வாங்கின ரெண்டு கிலோ மாவுப் பார்சலைப் பிரிக்காமலே தூக்கிட்டுப் போயி, அத்தன பேரும் பாக்க தராசுக் கொக்கியில மாட்டிட்டா. முள்ளு ஒன்னரையில நின்னுக்கிச்சு. "ஏன் கங்காணி, இந்த மாவுக்கு எந்தக் கூடையக் கழிச்சீங்க?"ன்னு கேட்டாளே பாக்கணும்! மலையே சிரிச்சிச்சு. ஒரு வாரத்துல தோட்டத்துத் தொரை தராசை மாத்திட்டார்.

கங்காணி சும்மா விடுவானா? காலையில எல்லாரும் வரிசையா நிக்கிற பெரட்டுல ஆளுங்களைப் பிரிச்சு, ஒவ்வொருத்தருக்கும் தேயிலையில ஒரு வரிசை குடுப்பாங்க. நாங்க நிரைன்னு சொல்லுவோம். அடுத்த ஒரு வருசம் முழுக்க இவளுக்குக் கடைசி நிரைதான். அது பள்ளத்து ஓரம். காலு வழுக்கும், அட்டை மொய்க்கும், கொழுந்தும் கம்மி. அதையும் எடுத்துட்டு வந்தா. அந்த ஒரு வருசம் ராத்திரியில அவ கால்ல அட்டை கடிச்ச எடத்துக்கெல்லாம் நான்தான் சுண்ணாம்பு வைப்பேன்.

நான் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில அடுப்படி ஆளு. ரெண்டாயிரத்து ஒன்னுல அதை இழுத்து மூடிட்டாங்க. அப்பதான் இவளுக்கு அந்த யோசனை வந்திச்சு. எங்க லயத்துக்கு மோட்டார் சைக்கிள்ல குளத்து மீன் கொண்டுவர்ற ஒரு ஆளு இருந்தார். கீழே புதுக்குளத்துல ஒரு கெழவர் தோணியை விக்கிறாருன்னு அவர்தான் சொன்னது. "மலையேறுன காலு போதும், தண்ணியில இறங்குவோம்"னு இவ சொன்னா. எனக்குப் பயந்தான். ஆனாலும் வேலையை விட்டதுக்கு ரெண்டு பேருக்கும் கெடைச்ச சேவைக் காசை எடுத்து, லயத்து அறையை இன்னொரு குடும்பத்துக்கு விட்டுட்டு, மூட்டை முடிச்சோட இறங்கிட்டோம். திரும்பிப் போக எடம் இல்ல.

புதுக்குளம் எங்க காலத்துல ஓயாவை, அதான் ஆத்தை, மறிச்சுக் கட்டினது. அங்க மீன்பிடிச் சங்கத்துல எட்டுத் தோணி. ஒன்பதாவதா நாங்க. சங்கத்துக் காரியதரிசி ஹேரத் மாத்தயா (மாத்தயான்னா சிங்களத்துல ஐயா) விதியைச் சொல்லிட்டார். மூணு மாசத் தவணை. அதுக்குள்ள ஒரு வாரமாவது மத்த தோணிகளோட சராசரிக்கு மீன் போடணும். இல்லேன்னா எடம் கெடையாது. "தேயிலை பறிச்சவங்களுக்குத் தண்ணியில என்ன வேலை?"ன்னு சிங்களத்துல கேட்டு அவர் சிரிச்சார். கூட இருந்தவங்களும் சிரிச்சாங்க. எனக்கு வந்த கோவத்துல துடுப்பைத் தூக்கியிருப்பேன், இவ கையைப் பிடிச்சிட்டா.

ஆனா அவர் சொன்னதுலயும் நியாயம் இருந்திச்சு. குளத்துக்கு அடியில காட்டை வெட்டின அடிக்கட்டைங்க அப்படியே நிக்குது. எந்த எடத்துல கட்டை, எந்த எடத்துல பழைய வயல்னு ஊர்க்காரங்களுக்குத் தெரியும். எங்களுக்கு எல்லாம் வெறும் தண்ணிதான். வலையைப் போட்டா கட்டையில மாட்டிக் கிழியும். ரெண்டு மாசம் போச்சு. எங்க மீனைச் சங்கத்துத் தராசுல வைக்கவே கூச்சமா இருக்கும்.

இப்படி இருக்கையில ரேடியோவைத் திருத்த பதுளைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல நிஸாம் கடை. அங்க மேசையில ஒரு சின்ன டீவி மாதிரி இருந்திச்சு. "இது என்னா?"ன்னு கேட்டேன். "பிஷ் பைண்டர் அண்ணே. தண்ணிக்குள்ள சத்தம் அனுப்பும், அது திரும்பி வர்றதை வச்சு அடியில உள்ளதைக் காட்டும்"னார். ஐயா, நான் அங்கேயே முடிவு பண்ணிட்டேன். மறுநாளே தெய்வானையைக் கூட்டிட்டுப் போயிட்டேன்.

நிஸாம்கிட்ட ரெண்டு இருந்திச்சு. ஒன்னு புத்தம் புதுசு, டுபாய்ல இருந்து மச்சான் அனுப்பினது. பெட்டி, உறை, வாசம், எல்லாம் உண்டு. மீனைக் கண்டா மீன் படமே போட்டுக் காட்டும், கூவவும் செய்யும். இன்னொன்னு பழசு. சண்டை நின்னு பாதை திறந்த பொறவு, கிழக்குக் கரையில வாழைச்சேனைப் பக்கம் ஒரு கடல் போட்டுல இருந்து கழட்டி வந்தது. மூலையெல்லாம் தேஞ்சு, திரையில ஒரு கீறல், வயருக்கு நாலு எடத்துல டேப். படமும் இல்ல, கூவலும் இல்ல. சாம்பல் கோடு மட்டும் ஓடும். புதுசோட விலையில மூணுல ஒரு பங்கு.

"பேசவே வேணாம், புதுசுதான்"னேன். கையில மிச்சம் இருந்தது அதுக்குச் சரியா இருந்திச்சு.

தெய்வானை பழசைத்தான் தூக்கினா. காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாத்தா, உள்ள தண்ணி இருக்கான்னு. வயரை வளைச்சுப் பாத்தா. தண்ணிக்குள்ள சத்தம் அனுப்புற குமிழை நகத்தால தடவி வெடிப்பு இருக்கான்னு பாத்தா. மோந்தும் பாத்தா. பொறவு கேட்டா: "இதை வித்தவரு ஏங்க வித்தாரு?"

"பெரிய போட் எடுத்துட்டாரு தங்கச்சி. அதுக்கேத்த பெரிய மெஷினும் போட்டுட்டாரு."

"சரி. ரெண்டையும் குளத்துக்குக் கொண்டுவாங்க. வச்சுப் பாக்காம நான் எதையும் வாங்குறதில்ல."

"யா அல்லாஹ்! எனக்கு நீச்சல் தெரியாதே தங்கச்சி."

"எங்களுக்கும்தான் தெரியாது. வாங்க."

ஞாயித்துக்கிழமை மனுசன் ரெண்டு மெஷினும் ஒரு லொறி பெட்டரியுமா வந்து எறங்கினார். தோணியில ஏறினவரு ரெண்டு கையாலயும் விளிம்பைப் பிடிச்சவருதான், கரைக்கு வர்ற வரைக்கும் விடவேயில்ல. மொதல்ல புதுசைப் போட்டோம். குளத்து மேல் கோடியில, செத்த மரத்து நுனியெல்லாம் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிற எடம் வந்ததுமே அது கூவுச்சு பாருங்க! கீ, கீ, கீ! திரை முழுக்க மீனு. சின்ன மீனு, பெரிய மீனு, வாலு செதிலோட.

"அடியாத்தே! இறக்கு வலையை!"ன்னு கத்தினேன்.

"இருங்க, அவசரப்படாதீங்க"ன்னா இவ. நான் கேட்டேனா? எங்க மூஞ்சியைப் பாத்து எட்டுத் தோணியும் சிரிச்சது எனக்கு உள்ளுக்குள்ள எரிஞ்சுக்கிட்டு இருக்கு. நானே வலையை எடுத்து விட்டுட்டேன். ஒரு மணி நேரங்கழிச்சு இழுத்தா வரல. இன்னும் இழுத்தேன். டர்ர்ருன்னு ஒரு சத்தம். எங்ககிட்ட மிச்சம் இருந்த ஒரே நல்ல வலை அது. பாதிதான் மேல வந்திச்சு. மீனு ஒன்னே ஒன்னு, அதுவும் குஞ்சு. மெஷின் காட்டின அத்தன மீனும் வெறும் அடிக்கட்டை.

கிழிஞ்ச வலையைச் சுருட்டி ஓரமா வச்சேன். தவணைக்கு இன்னும் இருபது நாள்தான். தெய்வானை என்னைத் திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். அவ திட்டல. ஒரு பழைய மாவுச் சாக்குல கல்லைப் போட்டுக் கட்டினா. பத்து முழக் கயித்துல கோத்து மெஷினுக்கு நேர் கீழே இறக்கினா.

"இப்ப என்னா காட்டுது?"

நிஸாம் குனிஞ்சு பாத்தார். "மீனு" அப்படின்னார், மெதுவா. ஆமாங்க, கல்லு கட்டின சாக்குக்கு வாலு முளைச்சு நிக்குது திரையில!

பொறவு பழசை மாட்டினா. அதே சாக்கு, அதே கயிறு. பதினஞ்சு அடியில சின்னதா ஒரு கோடு. பக்கத்துல எண்ணும் சரியா பதினஞ்சு. அதுக்குக் கீழே, தரையிலேருந்து எழும்பி நிக்கிற கட்டைங்க ஒவ்வொன்னும் தனித்தனியாத் தெரிஞ்சுது. சாக்கை மேல இழுத்தா கோடும் மேல வந்திச்சு. பாதியில திரை மங்கினப்போ நிஸாம் மெஷின் தலையில ஒரு தட்டுத் தட்டினார், தெளிஞ்சிருச்சு.

"இது மீனையே காட்டலையே புள்ள"ன்னேன்.

"எனக்கு மீனு எதுக்குங்க? மீனு ஓடும். எனக்குத் தரையைக் காட்டினாப் போதும். இது பொய் சொல்லல"ன்னா.

பழசையே வாங்கினோம். மிச்சக் காசுல வலை நூலு வாங்கி, கிழிஞ்சதை ரெண்டு பேருமா உக்காந்து பின்னினோம். புதுசுலயும் அந்தப் படத்தை நிப்பாட்டிட்டு வெறும் கோடாப் பாக்க வழி இருந்துச்சாம். மூணு வருசங்கழிச்சு நிஸாம் சொன்னார். அன்னைக்கு யாருக்குத் தெரியும்?

அதுக்குப் பொறவு அவ செஞ்சதுதான் வேலை. மலையில கொழுந்து எடுக்கிற மாதிரியே குளத்தையும் நிரை பிரிச்சிட்டா. கரையில ஒரு மரத்தைக் குறி வச்சு எதிர்க்கரை வரைக்கும் நேரா ஒரு நிரை. பொறவு ரெண்டு தோணி அகலம் தள்ளித் திரும்பி ஒரு நிரை. நான் துடுப்புப் போடணும், இவ கண்ணை எடுக்காம திரையைப் பாப்பா. ஒரு அடி கோணினாலும், "நிரை மாறுது, நிரை மாறுது!"ன்னு கத்துவா. மூணு நாள்ல என் தோளு கழண்டுபோச்சு. எட்டுத் தோணிக்காரங்களும் கரையில நின்னு வேடிக்கை பாத்தாங்க. மீனே பிடிக்காம குளத்தை உழுறோம்னு பேசிக்கிட்டாங்க.

மூணாவது நாள், யாரும் கிட்டப் போகாத அந்தச் செத்த மரக் கோடியில, "நிப்பாட்டுங்க!"ன்னா. திரையில கட்டையே இல்ல. அடிக்கோடு மட்டும் தடிப்பா, சமமா ஓடுது. ரெண்டு பக்கமும் அடர்த்தியாக் கட்டைங்க, நடுவுல சுத்தமான தரை. "கல்லுப் போட்ட தரைங்க இது. ரோட்டு!"ன்னா. அவ சொன்னது சரிதான். அணை கட்டுறதுக்கு முன்னாடி லொறி போன பழைய பாதை அது. கிழிஞ்ச சீலைத் துண்டை எண்ணெய் கேன்ல கட்டி, வழி நெடுக மிதக்க விட்டோம்.

அந்த லொறிப் பாதையில வலையைப் போட்டோம். கட்டைக்குள்ள வருசக்கணக்கா யாரும் தொடாம கொழுத்துக்கிடந்த மீனு! திலாப்பியாவும் கெண்டையும் வெளியே வந்து வந்து விழுந்திச்சு. வலை ஒரு கண்ணி கிழியல. தோணி விளிம்பு தண்ணியைத் தொடப் பாத்திச்சு. நான் சிரிக்கிறேன், தெய்வானை சிரிக்கிறா.

தவணையோட கடைசி வாரம் அது. ஆறு நாளும் அப்படியே போட்டோம், அன்னன்னைக்கு நிறுத்துக் கணக்குல ஏறிச்சு. கணக்கு முடிக்கிற ஏழாவது நாள் மீனைக் கொட்டினப்போ சங்கத்துக் கட்டடத்துல இருந்தவங்கெல்லாம் சுத்தி வந்து நின்னுட்டாங்க. ஹேரத் மாத்தயா தராசுகிட்ட வந்தார். "ஒரு நிமிசம்"னு தெய்வானை பையில கையை விட்டா. எடுத்தது என்னான்னு நெனைக்கிறீங்க? ரெண்டு கிலோ மாவுப் பார்சல்! தராசுல வச்சா. முள்ளு சரியா ரெண்டுல நின்னுச்சு. "நல்ல தராசு. இப்ப நிறுங்க மாத்தயா"ன்னா. அவர் முழிச்ச முழி இருக்கே! ஒரே தடவையில தராசு தாங்கல, பகுதி பகுதியா நிறுத்தாங்க. அந்த ஒரு வாரத்துல நாங்க போட்டது சராசரி இல்லீங்க, மத்த எந்தத் தோணியை விடவும் ரெண்டு மடங்கு. ஹேரத் மாத்தயாவே தூரிகை எடுத்து எங்க தோணி மூக்குல ஒன்பதுன்னு எழுதினார். எழுதிட்டு, தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "அந்தப் பாதையில எங்க அப்பாவோட நடந்திருக்கேன், எங்கேன்னு மறந்துபோச்சு. எங்களுக்கும் காட்டுவீங்களா?"ன்னு கேட்டார்.

நான் முடியாதுன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அத்தன நாள் சிரிச்சாங்களே! தெய்வானை முந்திக்கிட்டா. "காலையில வெள்ளனே வாங்க"ன்னா.

மறுநாள் எட்டுத் தோணியும் கரையில வரிசையா நின்னுச்சு, பெரட்டுக்கு நிக்கிற மாதிரியே. எங்க தோணி முன்னுக்கு. அவ எழும்பி நின்னு கையை நீட்டிப் பிரிச்சா: "மாத்தயா, நீங்க செவப்புத் துண்டுலேருந்து அந்தக் கேன் வரைக்கும். நீங்க அடுத்தது. நீங்க அதுக்கு அடுத்தது." பாதை நீளம், எல்லாருக்கும் நல்ல தரைதான். தேடித் தேடிப் பாத்தேன், கடைசி நிரைன்னு ஒன்னை அவ யாருக்குமே குடுக்கல. சிரிச்ச ஹேரத் மாத்தயாவுக்குக் கெடைச்சதுதான் இருக்கிறதுலயே நல்ல எடம். பள்ளத்து ஓரத்துல அட்டைக் கடியோட நின்ன பொம்பளை அவ. எனக்குக் கண்ணு ரெண்டும் நெறைஞ்சு போச்சு, பெருமையில நெஞ்சு வெடிச்சிரும் போல இருந்திச்சு.

"என்னாங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"ன்னு திரும்பிக் கத்தினா. "துடுப்பைப் போடுங்க, நம்ம நிரை காத்துக்கிட்டு இருக்கு."