அர்த்தனாரி விழுங்கிய மாத்திரைகள்

கொல்லிமலைத் திண்ணனூர் நாட்டில் மிளகும் சாமையும் பயிரிட்டு வந்த அர்த்தனாரிக்கு மீசை முளைத்தபின் காய்ச்சல் கண்டு ஊரில் யாரும் பார்த்ததில்லை. கீழேயிருந்து வரும் அதிகாரிகள் இரண்டு நாள் மலையில் தங்கினால் பதினைந்தாம் நாள் மூன்று கம்பளிக்குள் நடுங்குவார்கள். அவர்கள் பெட்டியைச் சுமந்த அர்த்தனாரி நடுங்க மாட்டான். இதைத் தன் சொந்தத் திறமை என்றே அவன் நம்பினான். கூடப் பிறந்த நால்வரில் மூவர் நடை பழகுமுன்பே காய்ச்சலில் போனதை அவன் இதோடு சேர்த்து யோசித்ததில்லை.

1941இல் அவன் கட்டிக்கொண்ட மாராயி மலைச்சாதிப் பெண்தான். ஆனால் அப்பன் பண்ணை வேலைக்கு இறங்கிவிட்டதால் நாலு வயதிலிருந்து அடிவாரத்தில் வளர்ந்தவள். மலையேறி வந்து ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது.

“நான் குடிக்கிற தண்ணியத்தானே புள்ள நீயும் குடிக்கிறே?”

“அதத் தண்ணிகிட்டக் கேளுங்க” என்றாள், பல் கிட்ட.

அந்த வாரம் மலேரியா பார்க்க அடிவாரத்திலிருந்து வந்திருந்த டாக்டர் சென்னியப்பன் இருவர் விரலிலும் குத்தி, ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தார்.

“ஏப்பா, பூச்சி உன் ரத்தத்துலயும் இருக்குது. சின்னதுல காய்ச்சல் அடிச்சு அடிச்சு உன் ஒடம்பு அதோட பழகிப்போச்சு. உன்னக் கடிச்ச கொசு இவளக் கடிச்சா இவ படுத்துக்குவா.”

ஏழு நாளைக்குக் கொயினா மாத்திரை கொடுத்துவிட்டு மத்தியானமே இறங்கிப் போனார். யார் தின்பது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அர்த்தனாரி விவசாயி. களை எந்தக் காட்டிலிருந்து பரவுகிறதோ அந்தக் காட்டைத்தான் முதலில் கொத்துவான். மாத்திரைகளைத் தானே விழுங்கினான். காது இரைந்தது, கஞ்சி கசந்தது.

“ரொம்பக் கசக்குதுங்களா?” என்று மாராயி நடுக்கத்தினூடே கேட்டாள்.

“உனக்காகத்தானே புள்ள.”

அவள் கண் கலங்கிவிட்டது.

ஐந்தாம் நாள் அவளுக்கு ஆளே தெரியவில்லை. புருஷனை “அப்புச்சி” என்று அழைத்து, செத்துப்போன தாத்தனிடம் பேசுவதுபோல் ஏதேதோ பேசினாள். அர்த்தனாரி கம்பளியில் தூளி கட்டி, பங்காளி ஒருவனோடு மூங்கிலைத் தோளில் வைத்து, மழையில் வழுக்கும் ஒற்றையடிப் பாதையில் அடிவாரத்து ஆஸ்பத்திரிவரை இறக்கினான்.

“மாத்திரை குடுத்தேனே, எங்கப்பா?” என்றார் சென்னியப்பன்.

“நான் தின்னுட்டேனுங்க.”

“நீயா! உனக்கென்னடா நோவு?”

“ஒண்ணுமில்லீங்க. பூச்சி எங்கிட்ட இருந்துதான் போகுதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. இருக்கிற எடத்துலயே கொன்னுப்புடலாம்னு…”

திட்ட வாயெடுத்த சென்னியப்பன் ஊசிப் பெட்டியைத் திறந்தார். அவன் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதிதான் அவளைக் கொல்லப் பார்த்தது.

ஊசி போட்டார். மூன்று நாள் அர்த்தனாரி அவள் பாதத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். நாலாம் நாள் அவள் புருஷனை அடையாளம் கண்டு கஞ்சி கேட்டாள். சாயங்காலம் வயிற்றுப்பிள்ளை உதைத்தது. அதை அவன் கையை எடுத்து வைத்துக் காட்டினாள்.

“பிள்ள பொறக்கிற வரைக்கும் கீழயே இரும்மா” என்றார் சென்னியப்பன்.

அர்த்தனாரியின் முகம் தொங்கிப்போயிற்று. மாராயி அதைப் பார்த்தாள்.

“இருக்கிறேனுங்க. வாரத்துக்கு ஒருக்கா இவரு வந்து பாத்துட்டுப் போகட்டும்” என்றவள் கையை நீட்டினாள். “மாத்திரைய மட்டும் எங்கையில குடுங்க.”