குறிஞ்சாக்கேணியில் ஒரு இறகுத் தூண்டில்

காலை ஏழரைக்கு அன்புவழிபுரத்தில் இருந்து வெளிக்கிட்டேன். மார்கழி மழை விடாமல் தூறியது. திருகோணமலையில் கிண்ணியா பஸ் ஏறினேன். இருபது கிலோமீற்றர் அளவு தூரம். நூறு ரூபாய் எடுத்தார்கள். சாவீட்டுத் துடக்கு உள்ளவன் கோயிலுக்குள் போகக் கூடாது. அதனால் பஸ்ஸில் இருந்தபடியே வழியில் தெரிந்த கோயில் கோபுரத்தைப் பார்த்து மனதுக்குள் கும்பிட்டேன்.

என் தம்பி ரவி செத்து அன்றைக்கு ஏழாம் நாள். மறுநாள் எட்டுச் செலவு. செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைக்க வேண்டும். "அவருக்குக் களப்புப் பாரை ஒண்டாவது வைக்க வேணும் அண்ணை," என்று தம்பி பெண்சாதி மலர் கேட்டிருந்தாள். ஏழு நாளில் அவள் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். கடல் கொந்தளிப்பு, வள்ளம் இறங்கவில்லை, சந்தையில் ஐஸ் மீன்தான். தம்பியோடு தூண்டில் போடும் நசீரின் போனும் வேலை செய்யவில்லை.

ஒன்பது மணிக்குக் கிண்ணியாவில் ஆட்டோ பிடித்து, அவரைத் தேடிக் குறிஞ்சாக்கேணிக்குப் போனேன். ஆட்டோக்காரரைக் கரையில் நிற்கச் சொன்னேன். களப்பு, கடலோடு சேரும் அந்த உப்பங்கழி, வற்றிக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நசீர் முழங்கால் தண்ணீரில் நின்றார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"வாங்க அண்ணன். தம்பிக்கு மழையில வர பஞ்சியாமா? உங்கள அனுப்பிட்டுப் போர்த்திட்டுப் படுத்திருக்காரா?"

நான் சொன்னேன். அவர் "இன்னாலில்லாஹி" என்று முணுமுணுத்தார்.

"எனக்கு ஒரு சொல்லு சொல்லலியே அண்ணன்."

"போன் எடுபடேல்ல நசீர்."

"தண்ணிக்குள்ள விழுந்திட்டு," என்றார். பிறகு, "எத்தின மீன் வேணும்?"

"படைக்க ஒண்டு காணும்."

அந்தத் தூண்டிலை அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன். மூங்கில் தடி, நுனியில் தங்கூசி என்கிற நைலோன் நூல், அதன் முனையில் ஒரு சின்ன முள். முள்ளில் வெள்ளைச் சேவலின் கழுத்து இறகைச் சிவப்பு நூலால் கட்டியிருந்தார். இரையும் இல்லை, ஈயமும் இல்லை. நீரோட்டம் வரும் பக்கமாக எறிந்து, இறகு மிதந்து வரும்போது தடி நுனியை மெல்ல அசைத்தார். மீனுக்கு அது இறால் துள்ளுவதுபோலத் தெரியுமாம். தண்ணீர் ஓடும்வரைதான் இந்த வேலை. ஓட்டம் நின்றால் மீன் ஏமாறாது.

ஒரு மணித்தியாலம் ஒன்றும் படவில்லை. பத்தரை மணியளவில் தடி வளைந்தது. உள்ளங்கை அகலப் பாரை, வெள்ளி மாதிரி. முருகா என்று நான் பையை விரித்தேன். நசீர் முள்ளைக் கழற்றினார், குனிந்தார், மீனைத் தண்ணீரில் விட்டார்.

விட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

"அண்ணன்," என்றார். "முதல் மீன விட்டிருவம். நானும் அவரும் இருவது வருசமா அப்பிடித்தான். கை தானாப் போயிட்டு. நான் வேணுமெண்டு செய்யல்ல."

"தெரியும்," என்றேன். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்க ஏலவில்லை. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன். மலர் மீன் குழம்புக்குக் காலையிலேயே புளி எடுத்து வைத்ததைக் கண்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அவர் எறிந்தார், திரும்பத் திரும்ப எறிந்தார். மழை பலத்தது. பதினொன்றரைக்கு ஓட்டம் தளர்ந்தது. கரையோரம் மிதந்த சருகுகள் ஓரிடத்தில் நின்றன. இனி அடுத்த வற்று இரவில்தான் என்று ஆட்டோக்காரர் சொன்னார்.

"போவம்" என்று நான் சொல்லவில்லை. சொன்னால் மீன் இல்லை என்று ஆகிவிடும். நசீரும் சொல்லவில்லை. தண்ணீர் முழுக்க நின்றுவிட்டது. மீன் ஏமாறாது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

கடைசியில் நான் மட்டும் ஆட்டோவில் ஏறினேன். வெறும் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் எறிந்துகொண்டிருந்தார். இறகு விழுந்த இடத்திலேயே கிடந்தது.