அமலா தட்டச்சு செய்த மஸ்கட்

மஸ்கட்டைப் பற்றித் திண்டிவனத்தில் அமலா அளவுக்குத் தெரிந்தவர்கள் இல்லை. அவள் அங்கே போனதில்லை. அது வேறு விஷயம். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருதயராஜ் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் கல்யாணப் பத்திரிகைகளுக்குத் தமிழ் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. கல்யாணமான எட்டாம் மாதம், 2007இல், கணவன் சவுரிராயன் ஏசி மெக்கானிக்காக மஸ்கட் போனான். இரண்டு வருட ஒப்பந்தம்.

முதல் ஆறு மாதம் போனில் அழுதான். ரூம், வேன், வேலை, மறுபடி ரூம். பார்க்க ஒன்றுமில்லை என்றான். பாதியில் ஓடிவந்துவிடுவானோ என்று பயந்து அமலாதான் யோசனை சொன்னாள்.

"இன்டர்நெட்ல ஆளாளுக்கு எழுதிக்கினு இருக்காங்க. நீங்களும் எழுதுங்க. மனசு மாறும்."

"எனக்கு டைப்பு வராதே."

"நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

அப்படிப் பிறந்ததுதான் 'மஸ்கட்டில் ஒரு மல்லாட்டை' என்ற வலைப்பூ. வேர்க்கடலைக்குத் திண்டிவனம் பக்கம் மல்லாட்டை என்றுதான் பெயர். வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. பிற்பகலில் போன் வரும். அமலா காதில் ஒயரைச் செருகிக்கொண்டு அடிப்பாள்.

வைத்தியம் பலித்தது, தேவைக்கு மேலேயே. எழுத விஷயம் வேண்டுமே என்று சவுரிராயன் ஊரைப் பார்க்கத் தொடங்கினான். மீன் சந்தை ஏலத்துக்குப் போய் நின்றான். டீக்கடைப் பெரியவரிடம் அரபு கற்றான். அறையில் இருந்த பங்களாதேஷ்காரர் பெயிண்ட் டப்பாவில் கீரை வளர்ப்பதை நான்கு வாரத் தொடராகச் சொன்னான். கூடக் குடித்தனம் செய்த எட்டு மாதத்தில் அமலாவிடம் அவன் மொத்தமாகப் பேசியது இதில் பாதி இருக்காது. டொரண்டோவிலிருந்து ஒருவர் பாராட்டி எழுதினார். அதையும் அமலாதான் படித்துச் சொன்னாள்.

2009 பிப்ரவரி. அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது. ஈஸ்டருக்கு ஊரில் இருப்பான். மாமியார் வீட்டை விட்டுத் தனியாக ஒரு போர்ஷன் பிடித்து, சுண்ணாம்பு அடித்து, கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்பதுவரை அமலா முடிவு செய்திருந்தாள்.

"இன்னாம்மா, எழுத்தாளரு இன்னும் லைனுக்கு வரலியா?" என்று இருதயராஜ் கிண்டலடித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"தலைப்பு போடு அமலா. 'இன்னும் இரண்டு வருடம்'."

கூட வேலை செய்யும் யாரைப் பற்றியோ என்று நினைத்து அடித்தாள்.

"'பார்க்க ஒன்றுமில்லை என்று இந்த ஊரில் அழுதவன் நான். இன்று பார்த்து மாளவில்லை. தெற்கே சலாலா ஊரின் மழைக்காலம் ஒன்று பாக்கி. ஆகவே நேற்று ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துப் போட்டேன்.' புள்ளி வை."

விரல் பழக்கத்தில் புள்ளி வைத்தது.

"இன்னாங்க இது?"

"ஏன், நல்லால்லியா?"

"நேத்து கையெழுத்துப் போட்டீங்களா?"

அடிக்கிறவள் யார் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"உங்கிட்ட தனியா சொல்லணும்னுதான் இருந்தேன். சொல்ற ஜோருல வந்துடுச்சி."

"பரவால்ல. டொரண்டோகாரருக்கு முன்னாடி எனக்குச் சொல்லிட்டீங்களே."

"கோவமா?"

திட்டலாம். திட்டினால் அழுவான், அழுதால் அதற்கும் அவளேதான் ஒரு வைத்தியம் கண்டுபிடிக்க வேண்டும். பதிவை வெளியிடாமல் விடலாம். அதனால் கையெழுத்து அழிந்துவிடாது. எழுதுங்கள் என்று சொன்னவளும் அவள்தான். இதில் யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

"சலாலாவுல மழை எந்த மாசம்?" என்று கேட்டாள்.

"ஜூலை, ஆகஸ்ட்டு! மலையே பச்சையா ஆயிடுமாம் அமலா, பனி வந்து ரோடே தெரியாதாம்..."

குரல் கிளம்பிவிட்டது. அதையும் அடித்தாள். முடிந்ததும், "எங்க, ஒருவாட்டி படிச்சிக் காட்டு," என்றான்.

படித்தாள். கையெழுத்துப் போட்ட வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"ஆங், இப்ப நிறுத்தின பாரு, அங்கதான்," என்றான் சவுரிராயன் உற்சாகமாக. "அந்த எடத்துல ஒரு பத்தி பிரிச்சிடு. நல்லா எடுப்பா இருக்கும்."

பிரித்தாள்.