அடுத்த வரி

என் மேசை இழுப்பறையில் பழுப்பு அட்டை போட்ட ஒரு நீள நோட்டு இருக்கிறது. அதன் முதல் நான்கு தாள்கள் கிழிக்கப்பட்டுவிட்டன. என் ஓரகத்தியின் மகள் நான்காம் வகுப்பில் கணக்குப் போட்டுப் பார்த்த தாள்கள் அவை. ஐந்தாம் தாளில் ஓரகத்தியின் கையெழுத்து தொடங்குகிறது. பெரிய எழுத்து, வலப்பக்கம் போகப் போகக் கீழே சரியும். இருபத்திரண்டாம் பக்கத்தின் பாதியில் அது நின்றுவிடுகிறது. அந்த இருபத்திரண்டு பக்கங்களை எழுத அவளுக்கு ஒன்பது ஆண்டுகள் பிடித்தன.

அவள் என் கணவருடைய தம்பியின் மனைவி. கோவில்பதாகையில் மாமனார் கட்டிய வீட்டில் நாங்கள் மாடியிலும் அவர்கள் கீழேயும் இருந்தோம். கொழுந்தனார் குவைத்தில் வண்டி ஓட்டினார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்தாள். காலை ஆறு மணிக்குக் கம்பெனி வேன் தெருமுனையில் வந்து நிற்கும். நான் பள்ளி ஆசிரியை. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கும் அது தெரியும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் கதை இதிலிருந்துதான் கோணலானது.

வியாழக்கிழமை மாலைகளில் எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஏதாவது ஒரு வீட்டில் கூடி நற்செய்தி வாசித்து ஜெபிப்போம். அன்பியம் என்று பெயர். ஒரு வியாழன், வாசிக்கும் முறை ஓரகத்திக்கு வந்தது. அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். சொல்சொல்லாக நிறுத்தி, விரலை வைத்து வாசித்தாள். ஐந்து வரி போவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. கையை நீட்டி அவள் மடியிலிருந்த புத்தகத்தை வாங்கி மீதியை நானே வாசித்து முடித்தேன். ஏற்ற இறக்கத்தோடு நன்றாக வாசித்தேன் என்று வீட்டுக்கு வரும் வழியில் நினைத்துக்கொண்டது கூட ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலை தண்ணீர் லாரி வந்தது. குடத்தோடு நின்ற பக்கத்து வீட்டுக்காரி ஏதோ கேட்க, ஓரகத்தி சத்தமாகவே சொன்னாள்: "அவங்களுக்கு இன்னா தெரியும்? புள்ள பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்." நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் நாங்கள் பேசவில்லை. ஒரே வாசல், ஒரே மோட்டார், ஒரே மீட்டர் பெட்டி. ஆனால் பேச்சு மட்டும் இல்லை. அவள் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. வழக்கம்போல வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தவளிடம், "கீழ போய் உங்க அம்மாவக் கேளு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். குழந்தை கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் நானும் நின்றுகொண்டுதான் இருந்தேன். ஆனால் திறக்கவில்லை.

அந்த நிலைமையில்தான் எங்கள் பங்குக் கோவிலில் ஒரு தவக்காலத்தில் நற்செய்தி எழுதும் போட்டி வைத்தார்கள். முதல் நற்செய்தி முழுவதையும் கையால் எழுதி, குருத்து ஞாயிறன்று காணிக்கைப் பவனியில் கொண்டுவந்து பீடத்தில் வைக்க வேண்டும். நீல மையில் எழுத வேண்டும், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும், அடித்தல் திருத்தல் கூடாது. விதிகளை வாசித்த பங்குத்தந்தை, பிரசங்கப் பழக்கத்தில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்: எழுதும் வரியை வாழ்ந்து பாருங்கள், வாழாத வரியை எழுதாதீர்கள் என்றார். நாங்கள் எல்லோரும் அதைப் பிரசங்கமாக எடுத்துக்கொண்டோம். என் ஓரகத்தி ஒருத்தி மட்டும் அதை நான்காவது விதியாக எடுத்துக்கொண்டாள்.

நான் முப்பத்தொரு நாளில் முடித்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதினேன். ஆண்டவர் பேசும் இடங்களுக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு. விதியில் அதற்குத் தடை இல்லை என்று கோவில் உபதேசியாரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன். எழுதும்போது வாய் அந்த வரிகளை முணுமுணுக்கும், மனம் விடைத்தாள்களிலோ மதியச் சமையலிலோ இருக்கும். அதையும் ஜெபம் என்றுதான் நான் கணக்கில் வைத்திருந்தேன்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை மதியம் அவள் மாடிக்கு வந்தாள். கையில் இந்த நோட்டு, மூடி திறந்த பேனா. இரண்டு வருஷம் கழித்து வாசலில் வந்து நிற்கிறாள்; மை தீர்ந்துபோய் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, அடுத்த வரி எழுத வரல."

"புரியலன்னா உபதேசியாரக் கேளு."

"புரியுது. அதான் வரல." நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். பீடத்தில் காணிக்கை வைக்கப் போகும்போது, ஒருவருக்கு நம்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் போய் அவரோடு சமாதானம் ஆக வேண்டும் என்று வரும் இடம். அதற்கு முந்தைய வரியோடு எழுத்து நின்றிருந்தது. அங்கேயே நின்றுபோன பதினெட்டு நாள் அழுக்கு தாளில் இருந்தது.

"தண்ணி லாரிகிட்ட நா சொன்னது தப்பு. நீங்க மேல நின்னுகினு இருந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் சொன்னேன்."

தெரியாமல் சொன்னேன் என்று அவள் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆசிரியைகள் சொல்லும் பதிலைச் சொன்னேன்: "சரி, பரவால்ல, போ."

"பரவால்லன்னு சொல்லாதீங்க. பரவால்லன்னா எழுத முடியாது."

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். நான் உள்ளே வந்து என் நோட்டைப் பிரித்து அதே இடத்தைத் தேடினேன். நீலத்தில் ஒரு பிசிறு இல்லாமல், சிவப்பு அடிக்கோட்டோடு இருந்தது. எப்போது எழுதினேன் என்பதே நினைவில்லை. அதை நின்று வாசித்தபோதுதான், இரண்டு வருஷமாக நான் நினைக்காத ஒன்று நினைவுக்கு வந்தது. அவள் மடியிலிருந்து நான் எடுத்த புத்தகம். விரல் வைத்திருந்த வரியிலிருந்து அவள் விரல் விலகுவதற்கு முன்பே நான் எடுத்திருந்தேன்.

இவ்வளவு தெரிந்த பிறகும் மறுநாள் பவனியில் என் நோட்டைச் சுமந்துகொண்டு போகத்தான் செய்தேன். பீடத்தருகே கால் ஒரு நொடி தயங்கியது உண்மை. முன்னால் எட்டுப் பேர், பின்னால் எட்டுப் பேர், நடுவிலிருந்து ஒருத்தி திரும்பி நடந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? வைத்துவிட்டு வந்தேன். முதல் பரிசு ஒரு ஹாட்பேக். நல்ல கனம், இன்றைக்கும் இட்லி அதில்தான் இருக்கிறது. அவள் பவனிக்கு வரவே இல்லை.

நான் பதில் சொல்ல மூன்று வாரம் ஆயிற்று. மோட்டார் போட இறங்கியபோது அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு உன் கையிலிருந்து புத்தகத்தப் பிடுங்கினேனே, அது முதல்ல. நீ சொன்னது அப்புறந்தான்" என்றேன். அவள் சோப்புக் கையோடு என்னைப் பார்த்தாள். "இப்ப எழுதலாம்" என்றாள். அன்று மாலை அவள் மகள் கணக்கு நோட்டோடு மாடிக்கு வந்தாள். அடுத்த வியாழன் வாசகத்தை ஓரகத்தியே வாசிக்கட்டும் என்று நான் சொன்னேன். வாசித்து முடிக்க எவ்வளவோ நேரம் ஆனது. அத்தனை மெதுவாக வாசித்தால் அந்தப் பகுதியில் இவ்வளவு இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

போட்டி முடிந்த பின்பும் அவள் எழுதுவதை விடவில்லை, விதியையும் விடவில்லை. மாதக்கணக்கில் நோட்டு ஒரே வரியில் நிற்கும். ஒருநாள் புதிதாக ஒரு வரி ஏறியிருக்கும். பகைவர்களுக்காக ஜெபிக்கும் இடத்தில் ஒரு வருஷம் நின்றாள். கம்பெனியில் ஒரு சூப்பர்வைசர் இருந்தான், அவனுக்காகத்தான் என்று சொன்னாள். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்ற வரியை ஒரு மழைக்காலத்தில் எழுதினாள். என்ன செய்தாள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது, கேட்டால் அந்த வரியை அவள் அடிக்க வேண்டியிருக்கும். நானும் என் அளவுக்கு மாறினேன். காலையில் ஒரு பத்தி, அதற்கு மேல் வாசிப்பதில்லை. அதில் என்னைப் பற்றி எங்கே இருக்கிறது என்று தேடுவேன். பெரும்பாலும் அதில் எனக்குப் பிடிக்காத ஆளாகத்தான் இருப்பேன்.

பறவைகளும் காட்டுப் பூக்களும் வரும் பகுதியை அவள் வேகமாகக் கடந்தாள். "சோத்துக்கும் துணிக்கும் நா என்னிக்கிக்கா கவலப்பட்டேன்" என்று சிரித்தாள். அதன் முடிவில், நாளையைப் பற்றிக் கவலைப்படாதே என்று ஒரு வரி வருகிறது. அந்த வரிக்கு வந்தபோது அவள் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்துவிட்டது. மகள் கல்லூரியில் முதலாம் ஆண்டு. கொழுந்தனார் விடுப்பில் வந்து, விடுப்பு முடிந்து, அழுதுகொண்டே திரும்பிப் போயிருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பிற்பகல், தலையணைக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தாள். "இது எனக்கு வராதுக்கா. பொண்ண வச்சிகினு நாளிக்கிக்கு கவலப்படாம எப்பிடி கீறது? பொய்யா எழுத மாட்டேன். நீங்க எழுதுங்க." மகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. இதை மட்டும்தான் சொன்னாள். நான் சரி என்றேன். ஒரு வரிதானே, ஒரு நிமிஷ வேலை என்று உண்மையாகவே நினைத்தேன். பத்து நாளில் அவள் போய்விட்டாள்.

மகள் மாடிக்கு வந்தாள். ஐந்து ஆண்டுகளாக எங்களோடு இருக்கிறாள். படித்து முடித்து அம்பத்தூரில் ஐ.டி. கம்பெனியில் சேர்ந்தாள். ஸ்கூட்டரில் போவாள், போய்ச் சேர்ந்ததும் "வந்துட்டேன் பெரியம்மா" என்று ஒரு போன். அந்தப் போன் பத்து நிமிஷம் தாமதமானால் நான் பால்கனியில் நிற்பேன். இப்போது அவளுக்கு ஹைதராபாத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. நாளைக் காலை ரயில். கூடத்தில் மூன்று பைகள் கட்டித் தயாராக இருக்கின்றன, அவற்றில் ஒன்றை நான் இரண்டு தடவை பிரித்துப் பார்த்துவிட்டேன்.

இன்று மதியம் நோட்டை எடுத்தேன். அவள் ஊருக்குப் போவதற்குள் அவள் அம்மாவிடம் ஏற்றுக்கொண்டதை முடித்துவிடலாம் என்று பேனாவையும் திறந்தேன். அந்த வரி எனக்கு மனப்பாடம். ஒரு காலத்தில் ஸ்கேல் வைத்து, சிவப்பு அடிக்கோட்டோடு, சமையலை நினைத்துக்கொண்டே எழுதிய வரிதான். இருபத்திரண்டாம் பக்கத்தின் பாதியில் பேனா முனையை வைத்தேன்.

"இன்னா எழுதறீங்க பெரியம்மா?" என்று கூடத்திலிருந்து கேட்டாள்.

"ஒண்ணும் எழுதல. அந்த ஊர்ல குளிருமா?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றாள். நான் பேனாவை மூடி நோட்டை இழுப்பறையில் வைத்துவிட்டு, பையில் ஸ்வெட்டர் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.