நோக்கம் என்ற கட்டம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையின் வாசலில் எனக்கு வேலை. ஷிப்ட் முடிந்து வெளியே போகிறவர்களின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்க்க வேண்டும். பையை உதறிப் பார்க்க வேண்டும். சைக்கிள் சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பார்க்க வேண்டும். இருபது வருஷத்தில் நான் கையும் களவுமாகப் பிடித்தது ஏழு பேரை. சந்தேகப்பட்டது எல்லோரையும். என் பையை மட்டும் யாரும் திறந்து பார்த்ததில்லை, அதற்கென்று அங்கே ஆள் இல்லை.

இந்த வேலை வாசலோடு நிற்காது, வீட்டுக்குள்ளும் கூடவே வந்துவிடும். பொன்னேரி சந்தையில் நான் ஒரு கிலோ தக்காளி வாங்கினால் பொறுக்கிப் போடுகிற கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். மீட்டர் பார்க்க வருகிறவர் எழுதுவதை எட்டிப் பார்ப்பேன். "ஊட்டுல போடுற சோத்தையே மோந்து பாத்துதான் துண்ணுவாரு" என்று என் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிவைத்திருக்கிறாள். அது பாதி உண்மை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் பெண் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க். இன்ஜினியரிங் சேர, எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு வேண்டும் என்று இணையத்தில் வரிசையாகப் பட்டியல் போட வேண்டும். அதற்கு மூன்று நாள் அவகாசம். அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் தானாகப் பூட்டிக்கொள்ளும், பிறகு யார் அழுதாலும் திறக்காது. மேலே இருப்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அது கிடைக்காவிட்டால்தான் அடுத்தது.

ஆலையில் கூட வேலை செய்கிற ஒருவர், புதுவாயல்காரர், டீ குடிக்கும்போது காதோடு சொன்னார். "பிரவுசிங் சென்டருக்கு மட்டும் போயிடாதே. அவனுங்க காலேஜுங்ககிட்ட கமிஷன் வாங்கிக்கினு, நாம எழுந்து வந்தப்புறம் வரிசையை மாத்திடுவானுங்க. பாஸ்வேர்டு அவங்ககிட்ட மாட்டிக்கும் பாரு." அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் நம்பிவிட்டேன். யாரோ யாரையோ ஏமாற்றுகிறார்கள் என்று சொன்னால் நான் ஆதாரம் கேட்பதில்லை.

வீட்டில் இருக்கிற ஒரே தொடுதிரை ஃபோன் என் மனைவியுடையது. அதில் அந்தத் தளம் ஓரத்தில் வெட்டுப்பட்டுத் தெரிந்தது. என்னிடம் இருப்பது பட்டன் ஃபோன், கேமரா வைத்த ஃபோனை ஆலைக்குள் விடமாட்டார்கள், விடாதவனும் நான்தான். ஆகவே நூலகத்துக்குப் போவது என்று முடிவு செய்தேன். பொன்னேரியில் அந்த நூலகத்தில் மூன்று கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். அரசாங்கக் கம்ப்யூட்டருக்குக் கமிஷன் கொடுக்க யார் வரப்போகிறார்கள் என்பது என் கணக்கு.

முதல் நாள் எனக்கு வார விடுமுறை. காலை நாஷ்டா முடித்ததும் பெண்ணை அழைத்துக்கொண்டு போனேன். கம்ப்யூட்டர் அறையின் சுவரில் விதிமுறைகள் என்று ஒரு தாளைப் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தார்கள். சத்தம் போடக்கூடாது. அடையாள அட்டை காட்ட வேண்டும். பெயர், நேரம், நோக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஒருவருக்கு அரை மணி நேரம். பென் டிரைவ் செருகக்கூடாது. ஒரு கணினி முன் ஒருவர் மட்டும். அடுத்தவர் திரையைப் பார்க்கக்கூடாது. கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக்கூடாது. வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும்.

நான் இரண்டு முறை படித்தேன். எனக்கு அந்தத் தாள் ரொம்பப் பிடித்துப்போயிற்று. எழுதியவர் யாரையும் நம்பாத ஆள் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது.

எழுதியவர் அங்கேயே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட அம்மா. என் பெண் பதிவேட்டில் எழுதி முடித்துக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். நான் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன்.

"சார், ஒருத்தர்தான்" என்றார் நூலக அம்மா.

"நான் உக்காரல மேடம், நிக்கிறேன்."

"நிக்கிறதும் கூடாது. பேப்பர் மேசையில போய் உக்காருங்க."

"அவ எம்பொண்ணு மேடம்."

"உங்க பொண்ணுதான் சார். திரை அவங்களது."

பிடித்துப்போன தாள் அந்த நிமிஷமே பிடிக்காமல் போயிற்று. பேப்பர் மேசையில் உட்கார்ந்து, விரித்த பேப்பருக்கு மேலாக அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் வெளியே வந்தாள். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பட்டியலை எழுதிக் காட்டச் சொன்னேன். முதல் இடத்தில் திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரி, சிவில் பிரிவு. ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டும். ஹாஸ்டல். எங்களுக்குப் பக்கத்திலேயே, வாசலுக்கு பஸ் அனுப்புகிற கல்லூரியை ஒன்பதாவதாகப் போட்டிருந்தாள்.

"இது யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லல நைனா. மார்க்குதான் சொல்லுச்சு." எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவது.

"அங்க யாரு கீறாங்க உனக்கு?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். யாரோ ஒருத்தன் இருக்கிறான் என்று எனக்குள் அப்போதே முடிவாகிவிட்டது. அப்படி ஒருத்தனும் இல்லை. ஆனால் ஆள் இல்லாத திருட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது.

"பாஸ்வேர்டை எழுதிக் குடு. எங்கிட்ட ஒண்ணு இருக்கட்டும்."

"யாருகிட்டயும் குடுக்கக் கூடாதுன்னு அங்க போட்டிருந்துச்சே நைனா."

"நான் யாரோவா?"

ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். அதை நாலாக மடித்துப் பர்சில் என் அடையாள அட்டைக்குப் பின்னால் செருகினேன்.

இரண்டாம் நாள் முதல் ஷிப்ட். இரண்டு மணிக்கு விட்டதும் ரயில் பிடித்துப் பொன்னேரியில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேராக நூலகத்துக்குப் போனேன். பதிவேட்டில் பெயர் எழுதினேன், நேரம் எழுதினேன். நோக்கம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. எனக்கு மேல் வரிகளில் இருந்தவர்கள் எல்லாம் 'படிக்க', 'படிப்பு', 'பொது அறிவு' என்று எழுதியிருந்தார்கள். நான் 'நூல் தேட' என்று எழுதினேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் ஒரு புத்தகத்தையும் தேடியதில்லை.

பக்கத்து சீட்டில் காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு பையன், வள்ளூர் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை என்று கழுத்து அட்டை சொன்னது. அவன் பார்க்காதபடி தோளைத் திருப்பிக்கொண்டு பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினேன். பட்டியல் திறந்தது. ஒவ்வொரு கல்லூரிக்கும் பக்கத்தில் மேலே, கீழே என்று இரண்டு அம்புக்குறி இருந்தது. திருநெல்வேலியை எட்டு முறை கீழே அழுத்தினேன். பக்கத்தில் இருப்பதை மேலே கொண்டுவந்தேன். சேமி என்று இருந்ததை அழுத்தினேன். விதிப்படி கணக்கிலிருந்து வெளியேறினேன்.

அவள் நல்லதுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். உண்மையில் பயம். அவள் என் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டால் நான் எதைத் திறந்து பார்ப்பேன்?

அன்று சாயங்காலம் அவள் அம்மாவின் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை, உள்ளே போய்விட்டாள். யாரிடம் இருந்து மெசேஜ் வந்தது என்று எனக்கு ஒரு குடைச்சல்.

மூன்றாம் நாளும் முதல் ஷிப்ட்தான். ரயில் தாமதமாக வந்தது. நூலகத்தில் நுழையும்போது மணி நாலு ஆகப்போகிறது. நான் போட்ட பூட்டை நானே இழுத்துப் பார்க்காமல் போகமாட்டேன், அதற்காகத்தான் போனேன். பதிவேட்டில் புதுப் பக்கம் தொடங்கியிருந்தது. மறுபடி 'நூல் தேட' என்று எழுதிவிட்டு உட்கார்ந்தேன்.

பட்டியல் திறந்தது. முதல் இடத்தில் திருநெல்வேலி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். ஒன்பதாவது இடத்தில் நான் மேலே ஏற்றிய கல்லூரி. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. புதுவாயல்காரர் சொன்னது சரிதான், இங்கேயும் நடக்கிறது. அதே வள்ளூர்ப் பையன் அதே பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தான்.

"டேய், நேத்து எம்பக்கத்துல உக்காந்து பாத்துக்கினு இருந்தது நீதானே?"

அவன் ஹெட்போனைக் கழட்டினான். "இன்னாண்ணா?"

"பாஸ்வேர்டைப் பாத்துட்டு மாத்திக்கீறே. எவன்கிட்ட கமிஷன் வாங்கினே?"

அவன் கோபப்படவில்லை. தன் திரையை என் பக்கம் திருப்பினான். "நீயே பாத்துக்கோண்ணா, இன்னா கீதுன்னு." ஏதோ வேலைக்கு விண்ணப்பம். அனுபவம் என்ற இடத்தை நிரப்பத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான் பாவம்.

நூலக அம்மா எழுந்து வந்தார். "சார், முதல் ரூலே சத்தம் போடக்கூடாதுன்றதுதான்."

"உங்க ரூலை நீங்களே வச்சுக்கோங்க மேடம். எம்பொண்ணு லிஸ்டை யாரோ மாத்திட்டாங்க. இங்கதான் மாத்திருக்காங்க. நீங்களும் இதுல கூட்டா?" அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

அவர் முகம் இறுகியது. ஆனாலும் குரலை ஏற்றவில்லை. "கம்ப்யூட்டர்ல எதுவும் தங்காது சார். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எல்லாம் அழிஞ்சிரும், அப்படித்தான் செட் பண்ணியிருக்காங்க. பதிவேட்டுல தங்கும். யார் யார் உக்காந்தாங்கன்னு வந்து பாருங்க."

பதிவேட்டை என் பக்கம் திருப்பி முந்தைய பக்கத்தைப் புரட்டினார். நேற்று மூன்றேகால், என் பெயர், 'நூல் தேட'. அதற்குக் கீழே யாரோ இருவர், 'படிக்க', 'படிக்க'. அதற்கும் கீழே இன்று காலை பத்து மணி, என் பெண்ணின் பெயர், அவளுடைய குண்டு எழுத்து. நோக்கம் என்ற கட்டம் போதாமல் வரி பக்கத்துக் கட்டத்துக்குள் போயிருந்தது.

'அப்பா மாற்றியதைத் திரும்ப மாற்ற.'

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஊரே பிரவுசிங் சென்டர்காரன் மாற்றுகிறான் என்று பயந்ததை, அவனைத் தேடிப் போகாமலே செய்து முடித்தவன் நான். அது எனக்கு அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது.

"இந்தக் கட்டத்துல உள்ளதை உள்ளபடி எழுதினவங்களை நான் அதிகம் பார்த்ததில்லை" என்றார் அவர். "அதான் ஞாபகம் இருக்கு." பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டார். "நீங்க என்ன நூல் சார் தேடுறீங்க? பேரு சொன்னா எடுத்துத் தரேன்."

கிண்டலா இல்லையா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

"உங்க அரை மணில இன்னும் பத்து நிமிஷம் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் தன் நாற்காலிக்குப் போனார்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். பட்டியல் திறந்தபடியே இருந்தது. ஐந்து மணி பூட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. கை மவுஸுக்குப் போனது, பொய் சொல்லமாட்டேன். திருநெல்வேலியை ஓர் இடம் கீழே இறக்கினேன். அப்போதுதான் ஒன்று புத்தியில் பட்டது. வரிசையை மாற்றியவள் பாஸ்வேர்டை மாற்றவில்லை. என் பர்சில் இருந்த அதே எழுத்துகள்தான் இன்றும் திறந்தன. நானாக இருந்தால் முதலில் பூட்டைத்தான் மாற்றியிருப்பேன். ஏன் விட்டுவைத்தாள் என்று புரியவில்லை. கீழே இறக்கியதை மேலே ஏற்றினேன். சேமிக்க ஒன்றும் இல்லை. கணக்கிலிருந்து வெளியேறினேன்.

போகும்போது அந்த வள்ளூர்ப் பையனிடம், "மன்னிச்சுக்கப்பா" என்றேன். "பரவால்லண்ணா, பேஜாருல கீறே போல" என்றான். நூலக அம்மாவிடம் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. அப்புறம் ஒரு மாதம் கழித்துத்தான் போய்ச் சொன்னேன். அதற்குள் பெண்ணுக்கு அவள் கேட்ட இடமே கிடைத்திருந்தது.

அன்று வீட்டுக்கு வரும்போது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. வழியில் டீக்கடையில் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். பெண் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் அம்மாவின் ஃபோன்.

"புக்கு கெடைச்சுதா நைனா?" என்று கேட்டாள். பதிவேட்டில் என் வரியை அவளும் படித்திருக்கிறாள்.

"இல்ல." செருப்பைக் கழற்றிவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். "தப்பு எம்மேலதான். உனக்கு எப்டித் தெரிஞ்சுது?"

"மாத்தி சேமிச்சா இந்த ஃபோனுக்கு மெயில் வரும். நேத்தே வந்துச்சு. அந்தப் பாஸ்வேர்டு நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

"அப்போ அதை ஏன் மாத்தாம வச்சே?"

அவள் ஃபோனைத் தரையில் வைத்தாள்.

"நீ இன்னா செய்றேன்னு பாக்கத்தான் நைனா. அஞ்சு மணி வரைக்கும் இதையே பாத்துக்கினு இருந்தேன், மெயில் வருதா வருதான்னு. சோறு கூட துண்ணல."

என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. பர்சை எடுத்து, அடையாள அட்டைக்குப் பின்னால் இருந்த துண்டுத் தாளை உருவி அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். நான் கொடுத்தது அதே தாள்தானா என்று நாலு மடிப்பையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் எழுந்து சாப்பிடப் போனாள்.